கும்பிட எடுத்த வலது கை

என் மகள் உயர்தரச் சோதனை எழுதிய நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். சோதனை மண்டபம் யாழ்ப்பாணத்தில். எங்கள் வீடு புங்குடுதீவு மடத்துவெளியில். பட்டணத்தில் என் தமக்கை வீடு இருந்தது. காய்ச்சல் வந்தால், தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்று ஆயிரம் சொல்லி மகளை அங்கே தங்க விடாமல் மறித்தவன் நான். காலைப் பஸ்ஸை நம்ப ஏலாது. ஆகவே என்னுடைய பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றி இறக்குவது என்று முடிவாயிற்று.

அதன் எக்சிலேட்டர் பிடியைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் மிகவும் கடினம். முறுக்கியபடியே இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் வண்டி சோர்ந்துவிடும். அது சோளகக் காற்றுக் காலம். பின்னேரம் திரும்பும்போது, கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதியில் காற்று முகத்தில் அறையும். மூன்றாம் நாள் வீட்டில் இறங்கிக் கையை விரிக்கப் பார்த்தேன், விரல்கள் விரியவில்லை. தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தேன்.

"என்னப்பா, இது புது நாகரிகமோ?" என்றாள் மனைவி.

வழியில் கைக்கு ஓய்வு தந்தவை கோவில்கள் மட்டுமே. கோவிலைக் கடக்கும்போது வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கையை எடுத்ததும் பிடி தானே திரும்பிவிடும், வண்டி மெதுவாகும், விரல்களில் இரத்தம் ஓடும். வேலணையில் கோவில்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் எனக்குப் போதவில்லை.

"அம்மா, அப்பாவுக்குப் பக்தி கூடிப்போச்சு. இண்டைக்கு மாதா நிக்கிற வேதக்கோயிலுக்கும் கும்பிட்டவர்" என்று மகள் குசினிக்குள் போய்ச் சொன்னாள்.

"சோதனை எழுதுறது நீர்தானே. எல்லாரிட்டையும் கேட்டுவைக்கிறது நல்லது" என்றேன்.

மனைவி நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கையில் தேய்த்துவிட்டாள். மறுநாள் பிடி வழுக்கியது. வழுக்க வழுக்க இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அன்று நோவு இரட்டிப்பாயிற்று.

நான் கணிதம் படிப்பிப்பவன். பிடியில் ஒரு தட்டைக் கட்டினால் விரல்களால் முறுக்கத் தேவையில்லை, உள்ளங்கையால் அழுத்தினாலே போதும் என்று அன்று பின்னேரம் தோன்றியது. காய்ந்த பனைமட்டையில் ஒரு துண்டு சீவி, ஓரங்களைத் தேய்த்து, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிப் பிடியோடு சேர்த்துச் சுற்றினேன். கழன்றுவிடுமோ என்று பயந்து இன்னும் இரண்டு சுற்று. பிறகு இன்னும் இரண்டு. கடைசிச் சுற்றுகள் பிடியைத் தாண்டி, அசையாத ஹாண்டில் குழாயிலும் ஏறிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் இரசாயனவியல். அவள் பயந்த ஒரே பாடம்.

காலையில் தாம்போதியில் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது. உள்ளங்கை சும்மா கிடக்க வண்டி ஓடியது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கினேன். பிடி வைத்த இடத்திலேயே நின்றது. அதையும் என் கெட்டித்தனம் என்றுதான் எண்ணினேன்.

"கை நோகேல்லையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை. பூப்போல கிடக்கு."

வேலணையில் பிள்ளையார் கோவிலடி வீதி வளைவு வந்தது. கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போயிற்று. வண்டி மெதுவாகவில்லை. முன் பிரேக்கும் அந்தக் கைக்குரியது. வளைவு ஒரு பக்கம் திரும்ப, நாங்கள் நெஞ்சில் கை வைத்தபடி நேரே போனோம்.

"கிளச்சைப் பிடியுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பிடித்தேன். எஞ்சின் அலறியது. தோட்டத்துக்கு எருவாகப் போடக் கடற்கரையிலிருந்து அள்ளிக் குவித்திருந்த ஈரச் சாதாழைப் புல்லுக்குள் முன் சில்லு புதைந்து, நாங்கள் இருவரும் அதன்மேல் மெத்தென்று விழுந்தோம்.

"அடிபட்டதோ, தலையைக் காட்டும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் தலையிலிருந்த சாதாழையை எடுத்துப் போட்டுவிட்டு நேரம் என்னவென்று கேட்டாள்.

தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், சாதாழை வேணுமெண்டால் கேட்டிருந்தா வண்டிலிலை அனுப்பியிருப்பனே."

அவரும் நானும் வண்டியை இழுத்தெடுத்தோம். மகள் பிடியைத் திருகிப் பார்த்தாள். குழாயில் ஏறியிருந்த சுற்றுகளை மட்டும் அவிழ்த்தாள். பிடி சடக்கென்று திரும்பியது.

"மட்டை நல்ல யோசினை. கட்டினதுதான் பிழை" என்றாள். "இனிக் கையை எடுக்காதேங்கோ. கோவில் வந்தால் நான் கும்பிடுறன்."

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டப வாசலில் இறக்கினேன். சாதாழை மணத்தோடு உள்ளே ஓடினாள். நான் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்று, பிடியைத் திருகித் திருகி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அவள் முகம் முழுவதும் சிரிப்பு. "மேற்பார்வையாளர் மணத்துக்கு என்ரை பக்கமே வரேல்லை. நிம்மதியா எழுதினனான். எல்லாக் கேள்வியும் செய்தாச்சு."

திரும்பும்போது வழக்கமான எதிர்க்காற்று. மட்டையில் உள்ளங்கையைச் சாய்த்து ஓட்டினேன். விரல்கள் இலேசாகவே கிடந்தன. பிள்ளையாரடியைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் கேட்டேன்.

"வேதக்கோயிலுக்கும் கும்பிட்டாச்சோ?"

"ஓம் அப்பா. நீங்கள் றோட்டைப் பாருங்கோ."