ஹெல்மெட்டுக்குள் ஒரு பாடகன்

என் கொழுந்தன் வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். மாடியேறி, கதவைத் தட்டி, நான் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒருநாள் படிக்கட்டில் துணி காயப்போடும்போதுதான் புரிந்தது: உள்ளே பாடிக்கொண்டிருக்கிறான். பாட்டு முடிந்தால்தான் ஹெல்மெட் இறங்கும். நல்ல குரல். நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பகலில் டயர் கடை, சாயங்காலம் ராக் குழுவில் கிட்டார். எல்லாருக்கும் முதுகுவலி வந்துவிட்டதால், கடைசியாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். ரெக்கார்டிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது பாடகர் முறுக்கிக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விட்டார்.

"அவ்ளோதான். ஆல்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி பாடுவான்ங்க."

"இவனா? கூரியர் குடுக்கப் போற வீட்டுல பெல் அடிக்கவே கூச்சப்படுறவன்!"

"அண்ணி!" என்றான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தன். அந்தப் பார்வைக்கு நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

வேறு ஆள் கிடைக்காததால் அவனையே பாடவைப்பதென்று முடிவானது. அவன் நடுவில் ஓடிவிடாமலிருக்க என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தான். பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"பார்சல இன்னும் பிரிக்கவே இல்லையேடா!" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்கூல் வேன் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஹெல்மெட்ட போட்டுக்கச் சொல்லுங்க," என்றேன் வீட்டுக்காரரின் காதில்.

"நீயும் கிண்டலா?"

அதற்குள் அவனே ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டி, கண்ணாடியையும் இறக்கிவிட்டான். பாடினான் பாருங்கள்! என்ன, தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலிப்பதிவுக்காரர் சட்டையில் குத்தும் சின்ன மைக்கை அவன் தாடைக்குக் கீழே சொருகி டேப் ஒட்டினார். மறுபடி பாடியதும் வேன் டிரைவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஆடினார்.

"மூச்சு முட்டலையாடா?" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"இருண்ணே, பாட்டு முடியட்டும்!"

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கண்ணாடியில் படிந்த ஆவியை நான் துடைத்துவிட்டேன். மதியத்துக்குள் இவர்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கதவு நிலையில் ஹெல்மெட் இடித்தது. தலைக்கு ஒன்றுமில்லை.

ஆல்பம் வெளியாகி இரண்டு வருடம் ஆகிறது. கேட்டவர்களில் பாதிப்பேர் கூரியர் ஆபீஸ்காரர்கள். சொன்னபடி குழு கலைந்துவிட்டது, டிரம்ஸையும் விற்றாயிற்று. பழைய பாடகர் அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைத் தன் மேடையில் பாடுகிறார். கொழுந்தனை வேறொரு குழு கூப்பிட்டிருக்கிறது. போகிறாயா என்று கேட்டால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறான்.