அமைதி என்று அச்சுக் கோர்த்தவன்

பிள்ளைகளே, "பேப்பரிலேயே கிடக்குது அப்பா, பிறகு எப்படிப் பொய்யாகும்?" என்று நீங்கள் சொன்னதும் நான் ஏன் சத்தம் போட்டேன் என்று கேட்டீர்கள். சொல்லுறன்.

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனில் ஒரு ஹோட்டல் கிச்சினில் கோப்பை கழுவினேன். என்னோடு நின்று கழுவியவன் மேற்கு ஆபிரிக்காக்காரன். தன் நாட்டில் அரசாங்கத்தின் பிரெஞ்சுத் தினசரியில் அச்சுக் கோர்த்தவன். அங்கே வேலை செய்த எங்கட தமிழ்ப் பெடியளோடு பழகி, என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவான்.

அந்தப் பேப்பரின் கதையை அவன்தான் சொன்னான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளை முதலாளி தொடங்கியதாம். சுதந்திரம் வந்ததும் அரசாங்கம் வாங்கிப் பெயரை மாற்றியது. மெஷினும் மாறவில்லை, மொழியும் மாறவில்லை. வேறு தினசரி நடத்த ஒருவருக்கும் அனுமதி இல்லை. நாள்தோறும் முதல் பக்கத்தில் ஜனாதிபதியின் படம். கன சனத்துக்குப் பிரெஞ்சு வாசிக்கவே தெரியாது. தெரிந்தவர்களும் மரண அறிவித்தலுக்கும் பள்ளிக்கூடச் சோதனை முடிவுக்கும்தான் வாங்குவார்களாம்.

எங்காவது ஆமி சுட்டால் "இன்ன நகரில் அமைதி நிலவுகிறது" என்று போட வேண்டும். அடிக்கடி தேவைப்பட்டதால் அந்த ஈய எழுத்து வரியை அவர்கள் கலைப்பதே இல்லை. ஒரு தட்டில் அப்படியே வைத்திருந்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். கிச்சினில் எங்கட பெடியள் பகிடிக்கு அவனிடம், "எடிட்டர், இண்டைக்கு என்ன செய்தி?" என்று கேட்பார்கள்.

"சோப் முடிஞ்சுது. நாட்டில அமைதி" என்பான்.

ஒருநாள் அவனுடைய சொந்த ஊரின் பெயரை அதில் கோர்க்கச் சொன்னார்களாம். அன்று காலை அங்கேதான் அவனுடைய தம்பியைச் சுட்டிருந்தார்கள். கோர்த்துக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே ஓடி வந்தான்.

இங்கே அவனுடைய அகதி வழக்கு அப்பீலுக்கு வந்தபோது நானும் போய்ப் பின்னால் இருந்தேன். தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த நாட்டு அரசாங்கத் தரப்பு ஆள் அந்த வரி வந்த பேப்பரைத் தூக்கிக் காட்டி, உங்கள் ஊர் அமைதியாக இருந்தது என்று உங்கள் நாட்டுப் பேப்பரே சொல்கிறதே என்றார்.

அவன் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல், தெரிந்த இங்கிலிஷில் நேராகவே சொன்னான்: "அந்த வரியைக் கோர்த்தது நான்தான். அது பொய்."

"அப்படியென்றால் பொய்யை அச்சடிப்பதுதான் உங்கள் தொழில்" என்றார் அரசாங்கத் தரப்பு ஆள்.

அவன் நம்பத்தக்கவன் அல்ல என்று தீர்ப்பு வந்தது. பேப்பர் நம்பத்தக்கதாம். எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருகுது. அந்தத் தீர்ப்பை எழுதினவர்கள் அவன் கழுவின கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்களாகக்கூட இருக்கும்.

அவனை விமானத்தில் ஏற்றின பிறகுதான் எங்களுக்குத் தெரியும். வழியனுப்பக்கூட விடவில்லை.