நாற்பத்து மூன்றாவது பக்கம்

என் அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவர் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் நாற்பத்து மூன்று இணையச் செயலிகள். தையல்காரருக்கு அளவுப் புத்தகம், பல் டாக்டருக்கு நேரம் குறிக்கும் பக்கம், நூலகத்துக்கு இரவல் பட்டியல் என்று எல்லாம் அவரே கற்றுக்கொண்டு எழுதியவை.

பெரிய கம்பெனியில் சர்வர்களை மேய்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். முதலில் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

"இத்தனூண்டு மெமரியில நாப்பத்து மூணா? மூச்சு முட்டிடும் அண்ணி."

"எல்லாம் ஒண்ணா முழிச்சிருந்தாத்தானே? வாசல்ல ஒண்ணு மட்டும் காவல் இருக்கும். யாராவது வந்து கேட்டா, அதுக்குரியதை மட்டும் எழுப்பி விடும். பத்து நிமிஷம் ஆள் வரலைன்னா திரும்பப் படுக்க வச்சிடும்."

விழித்திருப்பவற்றைக் காட்டும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரி, அந்தக் காவல். அண்ணி போனில் தையல்காரர் பக்கத்தைத் திறந்தார். இரண்டாவது வரி முளைத்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு ஹால் நிறைய இயந்திரங்கள், யாருமே வராத நேரத்திலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்து மூன்றாவது பக்கம் மட்டும் ஆறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணியின் கூடப்பிறந்தவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியபோது, அவன் பையில் அதன் முகவரியை எழுதிப் போட்டாராம். பக்கத்தில் "சாப்பிட்டியா?" என்ற ஒரு வார்த்தையும், கீழே பதில் எழுத ஒரு கட்டமும்தான். அவன் வந்தால் அது எழுந்திருக்கும். எழுந்த நேரம், கணினி தானே எழுதிக்கொள்ளும் குறிப்பேடான லாகில் பதிவாகும். தினமும் ஆபீஸ் கிளம்புமுன் அண்ணி அந்த லாகைப் பார்ப்பார்.

எனக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. தூங்கும் பக்கம் எழுந்துவர மூன்று செகண்டு ஆகிறது, அதைப் பொறுக்க முடியவில்லை. அவர் வீட்டில் தங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி கடைக்குப் போயிருந்தபோது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளையும் தட்டிவிட்டு வர ஒரு புரோகிராம் எழுதிப் போட்டேன். பெரிய உபகாரம் பண்ணிவிட்டதாக நினைப்பு!

மறுநாள் காலை தையல்காரர் போன் செய்தார்: "அம்மா, அளவு எதுவுமே வரலையே." எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டு, கணினி திணறி நின்றிருந்தது. அண்ணி தோள் பையோடு அதை நிறுத்தி மறுபடி போட்டுவிட்டு, லாகைத் திறந்தார். பையைத் தரையில் வைத்தார்.

"தம்பி, இங்க பாரேன். நாப்பத்து மூணு எழுந்திருக்கு. நேத்து சாயங்காலம்."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அது அவன் இல்ல அண்ணி. நான்தான். எல்லாத்தையும் தட்டி எழுப்ப ஒரு புரோகிராம் போட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாக்ல அவன் வர்றதுதான் முதல் வரியா இருக்கணும்னு நான் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்ததில்ல. இத்தனை வருஷம் கழிச்சு எழுந்திருக்குமான்னு உள்ளுக்குள்ள பயம்தான். எழுந்திருச்சே!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் எடுத்துச்சு?"

"மூணு செகண்டு."

அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "உன் புரோகிராமை அழிச்சிடு," என்றார். செருப்பை மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"மூணு செகண்டு நிப்பான்ல?"

"நிப்பான் அண்ணி."