உலைக்கு வைத்த பொட்டு

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில், முனைவர் பட்டத்துக்காக நான் கல் வளர்த்தேன். வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களிடம் ஒரு விண்கல் சில்லு இருந்தது. அதிலிருக்கும் படிகங்களின் நடுவில் மக்னீசியம் அதிகம். ஓரத்துக்குப் போகப் போக இரும்பு அதிகம். உருகிய குழம்பு எந்த வேகத்தில் ஆறியதோ, அதற்கேற்ப இந்த மாற்றம் அமையும். அதே கலவையை உலையில் உருக்கி, மெதுவாக ஆறவிட்டு, வளரும் படிகத்தை விண்கல்லோடு ஒப்பிட்டால் விண்கல் ஆறிய வேகம் தெரியும். அவ்வளவுதான் என் ஆய்வு.

உலை பல நாள் நிற்காமல் ஓட வேண்டிய கடைசிச் சோதனை ஓட்டம் அது. உதவித்தொகை முடியப்போகிறது. உலைக்கு விடும் கேஸ் சிலிண்டரும் காலியாகும் நிலை. இது பிசகினால் பட்டம் இல்லை. உலையின் மேல் 'அணைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, ஆயுத பூஜைக்கு உசிலம்பட்டிக்குப் போனேன். வீட்டில் டிராக்டரைக் கழுவி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு யாரும் அதை ஓட்டமாட்டார்கள். சுண்டலைத் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது உலை ஓடிக்கொண்டிருந்தது. கதவில் சந்தனம், குங்குமம். நான் ஒட்டிய தாளுக்கும் ஒரு பொட்டு. சிரித்துக்கொண்டேன்.

ஓட்டம் முடிந்ததும் படிகத்தை அறுத்து, தேய்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக வெளியூர் ஆய்வகத்தில் கெஞ்சி நேரம் வாங்கினேன். திரையில் மக்னீசியம் கறுப்பாகவும் இரும்பு வெளுப்பாகவும் தெரியும். நடுப்பகுதி கறுப்பாகத் தொடங்கி, விண்கல்லில் இருப்பது போலவே கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலுக்கு மாறிக்கொண்டே வந்தது. பிறகு சட்டென்று ஒரு வெள்ளை வளையம். அதைச் சுற்றிக் கோழியிறகு மாதிரி கண்டபடி வளர்ச்சி. குழம்பு திடீரென்று குளிர்ந்தால்தான் அப்படி வரும்.

காளவாசலில் பஸ்ஸை விட்டிறங்கி நேராக ஆய்வகத்துக்குப் போனேன். உதவியாளர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பூசை அன்னைக்கி உலைய அமத்துனீங்களா?"

"ஆமா தாயி. ஓடுற மெஷினுக்கு எப்பிடிப் பொட்டு வைக்கிறது?"

"தாள் ஒட்டியிருந்தேன்ல?"

"அதுக்கும் வச்சேனே! கும்பிட்டு முடிச்சதும் திரும்பப் போட்டுட்டேன்ல. எம்புட்டு நேரம் ஆயிருக்கும்? மத்த மெஷினெல்லாம் மறுநா வரைக்கும் சும்மாதான் கெடந்துச்சு. ஒனக்காகத்தான் இத மட்டும் அன்னைக்கே போட்டேன்."

வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் விழுங்கினேன். அந்த மனுஷன் எனக்காக வழக்கத்தையே மீறியிருக்கிறார். எந்த வாயால் திட்டுவது? கல் கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன்.

என் ஆய்வு வழிகாட்டி நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தார்.

"கரண்ட் போச்சுன்னு எழுதிரும்மா."

"எழுதுனா பட்டம் வருமா சார்?"

"வராது" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். அந்த ஆள் மேலேயும் கோபம் வந்தது. என்ன பயன்? இன்னொரு ஓட்டத்துக்கு அவரிடமும் பணம் இல்லை.

என் சாமான்களை எடுக்கப் போன அன்று, அந்த அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தார்.

"கண்ணு பட்டுருச்சு தாயி. வர்ற பூசைக்கு இந்த உலைக்குன்னு தனியா ஒரு பூசணிக்கா ஒடச்சிருவோம்."

"ஒடைங்க. அமத்திட்டு ஒடைங்க."

"பின்ன? ஓடுறப்ப எப்பிடி ஒடைக்கிறது?" என்றார்.