வேலிக்கு மேலால் ஒரு சுற்று

கலியாண வீடோ மையத்து வீடோ, நான் போய்க் குந்தினால் போதும். யாராவது ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, அந்தக் காலத்திலேயே ஹெலிகொப்டரில் ஏறி ஊர் பார்த்த மனுஷன் இவர்தான் என்று என்னைக் காட்டுவார். மேலே எப்படி இருந்தது, பயமாக இருந்ததா, கடல் எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் தொடங்கிவிடுவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். மேலே இருந்தது கால் மணித்தியாலம். இறங்கி வந்து கடற்கரை மணலில் நின்று நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள்.

பெருவெள்ளம் வந்த வருஷம் அது. குளங்கள் உடைந்து, வயல் வட்டை முழுக்கத் தண்ணீராகி, கிட்டங்கிப் பாதை அறுந்து போய், சவளக்கடைப் பக்கத்துச் சனங்கள் கூரையிலும் மரத்திலும் இருந்தார்கள். கடலில் வந்து நின்ற ஒரு அந்நியக் கப்பலில் இருந்து ஹெலிகொப்டர் ஒன்று அரிசியும் மாவும் கொண்டுவந்து கொட்டியது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை நான் மறந்தாலும் மற்றவர்களை மறக்க விடமாட்டேன், அப்படி ஒரு தலைக்கனம். அந்த வெள்ளைக்காரர்களுக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, மூன்று கிழமை நாய் மாதிரி ஓடி வேலை செய்தேன்.

வேலை முடிந்து அவர்கள் புறப்படப் போகிற நாளில், ஓட்டுகிறவன் ஒரு ஆசை காட்டினான். உதவி செய்த ஆட்களில் மூன்று பேரை ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவானாம். ஒன்று நான். அடுத்தவர், அரிசி ஏற்றத் தன் லொறியைத் தந்த புடவைக் கடைக்காரர். மூன்றாவது ஆள் தோணிகளை இறக்கிச் சனங்களை ஏற்றியவர். அவர் யாரென்றால், என் தங்கச்சிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் காக்கா, அதாவது மூத்த அண்ணன்.

இந்தக் கலியாணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. வாப்பா மூன்று வருஷம் செருப்புத் தேய நடந்து முடித்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை அட்டாளைச்சேனையில் படித்து அப்போதுதான் வாத்தியாராக வந்தவர். நல்ல குடும்பம், ஆனால் ஒழுக்கம் ஒழுக்கம் என்று உயிரை விடுகிற குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்களின் நிழலைக்கூடத் தெருவில் காணேலாது. எங்கள் பழக்கப்படி பொம்பிளைக்குத்தான் வீடு. நாங்கள் இருந்த வீட்டையே தங்கச்சிக்கு எழுதி, முன் சாய்ப்புக்குப் புதுத் தகரமும் போட்டாயிற்று. வெள்ளத்தால் தள்ளிப்போன நிக்காஹ்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இது தவறிப்போனால் வாப்பாவால் இன்னொரு தரம் நடக்க ஏலாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று வெள்ளாப்பில், விடியும் நேரத்திலேயே, தங்கச்சியிடம் பெருமையடித்தேன். எங்கட வீடு மேலால தெரியுமா காக்கா என்று கேட்டாள். தெரியாமல் என்ன, நீ கிணற்றுக் கட்டில் ஏறி நின்று எதையாவது ஆட்டு, நான் பார்க்கிறேன் என்றேன். குசினிக்குள் இருந்த உம்மாவின் காதிலும் அது விழுந்தது. வாசலில் தலை நீட்டினாலே ஏசுகிற உம்மா, வேலிக்குள்ளதானே, ஆட்டட்டும் என்றுவிட்டா. ஆளுயரத்துக்கு மேல் கிடுகு வேலி. வெளியே நின்று செருமிவிட்டுத்தான் சொந்தக்காரனும் கடப்பு வாசலால் உள்ளே வருவான். அந்த வேலிக்குள் எங்கள் பெண்கள் தலையை விரித்துப்போட்டு முழுகுவார்கள், சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். வேலி தெருவுக்கு மட்டும்தான் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேல்பக்கத்தில் இருந்து யார் வந்து பார்க்கப் போகிறான்?

ஏறினோம். அந்த இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கால் நிலத்தை விட்டதும் வயிறு கீழேயே நின்றுவிட்டது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொன்னார், வாய் அசைவதை வைத்துத்தான் அது தெரிந்தது. கடல் பச்சையாகவும் அதற்கு அங்கால் கருநீலமாகவும் கிடந்தது. கரைவலைக்காரர்கள் எறும்பு போல நின்றார்கள். மற்றப் பக்கம் வாவியும் வட்டையும் ஒன்றாகிச் சேற்று நிறத்தில் பளபளத்தன. எவ்வளவு பெரிய ஊர் என்று நினைத்திருந்தேன்! கடலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கீலம், அவ்வளவுதான். ஒரு கிழமை மழை கூடப் பெய்திருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயும் அது எனக்கு உறைத்தது.

பிறகு அவன் தாழ இறக்கி வீடுகளுக்கு மேலால் கொண்டுபோனான். யா அல்லாஹ், அதை நான் எப்படிச் சொல்ல. வளவு வளவாக, திறந்த பெட்டிகளுக்குள் எட்டிப் பார்ப்பது போல, எங்கள் ஊர்ப் பெண்கள் முழுப்பேரும் தெரிந்தார்கள். முக்காடு இல்லை. பாதித் தலை சீவினபடி சிலர், குறுக்குக் கட்டோடு கிணற்றடியில் சிலர், எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி. மாப்பிள்ளையின் காக்கா முகத்தைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் அதுவரை மூடியிருந்த கண்ணை அப்போதுதான் நன்றாகத் திறந்தார்.

எங்கள் வளவும் வந்தது. தங்கச்சி கிணற்றுக் கட்டில் நின்றாள், முடி அவிழ்ந்து இடுப்பு வரைக்கும். பக்கத்து வீட்டுத் தறிச் சாச்சா நெய்த சிவப்புப் புடவை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினாள். குதித்துக் குதித்து ஆட்டினாள். வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டு அவளுக்குக் கை காட்டினான். என் சந்தோஷமெல்லாம் அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று.

கடற்கரையில் இறங்கினோம். காது இன்னும் இரைந்தது. கடைக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டே முதல் வேலையாகக் கேட்டார், சிவப்புப் புடவையை ஆட்டி வெள்ளைக்காரனைக் கூப்பிட்ட அந்தக் குமர்ப்பிள்ளை எந்த வளவு என்று. மாப்பிள்ளையின் காக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு வாப்பாவின் மூன்று வருஷமும் தெரிந்தது.

"அது தறிக்காரர்ட வளவு" என்றேன். "எங்கட வீட்டுக்குப் பக்கத்து வீடு."

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் ஒருவருக்கும் கேடு வராத பொய். சிவப்புப் புடவை, தறி, அந்த வீட்டிலும் ஒரு குமர் - நான் சொன்னது அச்சொட்டாகப் பொருந்திவிட்டது. கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பெண்களுக்குச் சீத்தைத் துணி கிழித்துக் கொடுக்கிற ஆளின் வாய் அது, கதை நிற்காது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி ஓடி வந்து கண்டீங்களா என்று கேட்டாள். இல்லை, நாங்கள் கடல் பக்கமாகப் போய்விட்டோம் என்றேன். அவளுடைய முகம் விழுந்து போயிற்று.

மூன்றாம் நாள் பக்கத்து வளவில் சாச்சா தன் மகளை அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை தங்கச்சியின் வயது, அவளுடைய கூட்டாளி. வேலியில் ஆள் நுழைகிற அளவில் ஒரு பொட்டு வைத்து, இவள் சுட்டதை அவளுக்கும் அவள் சமைத்ததை இவளுக்கும் நீட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். வெள்ளத்தோடு வந்த காய்ச்சலில் அவள் பத்து நாளாகப் பாயில் கிடந்தாள். ஹெலிகொப்டர் பறந்த நேரத்தில் வாசலுக்குக்கூட வரவில்லை. அவளுக்குச் சாய்ந்தமருதில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இனி வேண்டாம் என்று ஆளிடம் விசளம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் சாச்சா வேலியை இரண்டு முழம் உயர்த்திக் கட்டி, அந்தப் பொட்டையும் அடைத்தார்.

தங்கச்சிக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஊர் முழுக்கக் கதைக்கிற அந்தச் சிவப்புப் புடவை அவளுடைய கையில் இருந்ததுதானே. நீங்க என்னைக் கண்டீங்கதானே என்று கேட்டாள். ஓம் என்றேன். போய்ச் சொல்லுங்க என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே சொன்னேன், நிக்காஹ் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம், இப்போது வாயைத் திறந்தால் வாப்பா உயிரோடு இருக்கமாட்டார் என்று கத்தினேன். அவள் என்னோடு கதையை விட்டாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். எட்டு நாளும் இதே கதை. இரண்டு தரம் சாச்சாவின் கடப்படி வரை போனேன். தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நிக்காஹ் நாளும் வந்தது. அஸர் தொழுதுவிட்டுச் சனம் பந்தலுக்குள் நிறைந்தது. கலியாணக் காவின் எழுத முதல், வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் பொம்பிளையிடம் சம்மதம் கேட்க அறைக்குப் போனார்கள். ஒரு சாட்சி பள்ளிவாசல் மரைக்கார். மற்றவர் மாப்பிள்ளையின் காக்கா. நான் கதவடியில் நின்றேன். எங்கள் ஊரில் பொம்பிளை பேசாமல் இருந்தாலே சம்மதம் என்றுதான் எடுப்பார்கள். வாப்பா கேட்டார். திரைக்கு அங்கால் இருந்து தங்கச்சி கதைத்தாள்.

"சம்மதம் சொல்ல முதல் ஒரு கதை இருக்கு வாப்பா. கிணத்துக் கட்டில நிண்டு புடவை ஆட்டினது நான். பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்ல. காக்காட்டக் கேளுங்க."

வாப்பா என்னைப் பார்த்தார். முடிந்தது, வாப்பாவின் மூன்று வருஷமும் பந்தலோடு சேர்ந்து போகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் காக்கா வாயைத் திறந்தார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். அவருடைய குரலில் கோபமே இல்லை. இந்த வீட்டு முன் சாய்ப்புக்குத் தகரம் ஏற்றி வந்ததே அவருடைய வண்டில்தானாம், முகத்தைத் திருப்பினாலும் அந்தத் தகரமும் சிவப்புப் புடவையும் ஓரக்கண்ணில் படாதா என்றார். காக்கா பறக்கிறார் என்று தங்கச்சி கை காட்டினாள், அதில் என்ன குற்றம் கண்டீர்கள் என்று என்னையே கேட்டார்.

அப்படியென்றால் ஏன் அன்றைக்குப் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்க முந்திட்டீங்களே மச்சான். உங்களை அந்த இடத்தில பொய்யனாக்கவா?" என்றார். கடைக்காரர் அதை இவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் நிலத்தைப் பார்த்தார்.

ஆக, ஒருவருக்கும் தேவைப்படாத பொய். அவரை அன்றைக்குத் தனியே கூப்பிட்டு, அது என் தங்கச்சி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

பக்கத்து வீட்டில் காக்கா போய்ச் சொல்லிவிட்டு வரட்டும், அதுவரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன் என்றாள் தங்கச்சி. பந்தலில் காத்திருந்தவர்களிடம் வாப்பா என்ன சொன்னாரோ தெரியாது. கலியாணம் அன்றைக்கே நடந்தது, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால். அதை இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு அதில் எதுவும் நினைவில்லை.

நினைவிருப்பது தறிக் கொட்டில்தான். பொட்டை அடைத்திருந்ததால், புதுச் சாறனும் தொப்பியுமாக அத்தனை சனத்துக்கு நடுவால் தெருவைச் சுற்றிப் போனேன். சாச்சாவைக் கலியாணத்துக்குச் சொல்லியிருந்தோம், அவர் வரவில்லை. தறியில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் நூலில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ குர்ஆனைத் தொட்டுச் சொன்னா மகன், பாயை விட்டு எழும்பல்ல எண்டு" என்றார். "நீங்க கந்தோர் ஆள், பொய் சொல்லமாட்டீங்க எண்டு நான் உங்களை நம்பினன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. குசினிப் பக்கம் கையைக் காட்டி, அவளிடமும் நீங்களே சொல்லுங்கள், நான் எந்த முகத்தோடு சொல்வது என்றார். குசினிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு அங்கால் அவள் நிற்கிறாள் என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது. அந்தக் கதவைப் பார்த்து, அது நீ இல்லை என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன்.

காய்ச்சல் இன்னும் விடாத குரலில் அவள் கதைத்தாள்.

"எனக்கேன் சொல்லுறீங்க? அது நான் இல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே."