குடிக்காதவன் காத்த ஐரிஷ் விஸ்கி

பிறத்தியார் சரக்குக்குச் சாவி வைத்திருப்பதைப் போலப் பொல்லாத தொழில் வேறில்லை. களஞ்சியச் சாவியோ கடைச் சாவியோ, எதையாவது இடுப்பில் செருகிக்கொண்டு பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னே, கல்குடாப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் நான் காத்தது பழைய ஐரிஷ் விஸ்கி.

வேலை கிடைத்த விதம்

தோட்டத்துத் துரை அயர்லாந்துக்காரர். அவருடைய நாட்டில் மூடிப்போன விஸ்கி வடிசாலைகளின் போத்தல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். கப்பல்காரரிடம் வாங்குவார். ஊர் திரும்பும் வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான் ஏலம் போகிறது என்றால் கொழும்புக்கே போய்விடுவார். இவற்றைக் காக்க ஆள் தேடியபோது, சித்தாண்டியில் ஒருவன் முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறான் என்று யாரோ என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். துரை ஒரு கிளாசை என் மூக்கடியில் நீட்டினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்போதே அலுமாரிச் சாவியைத் தந்துவிட்டார்.

சமையற்கார அந்தோனிக்கு என்மேல் பொறாமை இல்லை, பரிதாபம்தான். "கருவாட்டுக்குக் காவல் பூனை. பூனை சைவம் எண்டா ஆரு மகனே நம்பப்போறான்?" என்றான்.

போடியாரின் தீர்ப்பு

ருசி பார்ப்பது துரைக்குப் பூசை. சின்னக் கிளாசில் கொஞ்சமாக ஊற்றி, சில துளி தண்ணீர் விட்டு, மூக்கை உள்ளே வைத்துக் கண்ணை மூடுவார். தேன் என்பார், அவித்த ஆப்பிள் என்பார், மழையில் நனைந்த வைக்கோல் என்பார். எனக்கு எல்லாம் ஒரே நாற்றம்தான். பக்கத்தில் நின்று "ஓம் துரை" என்பேன். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தானே.

ஒருநாள் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு போடியார் வந்தார். கண்ணுக்கெட்டின மட்டும் வயல் வைத்திருந்தவர். துரை தன் பாட்டன் காலத்துப் போத்தல் ஒன்றை அவருக்காகவே திறந்தார். போடியார் கிளாசை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு பொரித்த இறாலுக்குக் கையை நீட்டினார். எப்படி இருக்கிறது என்று துரை ஆவலோடு கேட்டார். "பரவாயில்ல துரை. ஆனா நம்மட சாராயம் மாதிரி நெஞ்சில பிடிக்குதில்ல. மெத்த நாள் வச்சிட்டீங்க போல, வீரியம் போயிட்டு."

கச்சான் காற்று

அந்த வருஷம் கோடையில் அனலாக வீசுகிற கச்சான் காற்று எல்லாரையும் வாட்டி எடுத்தது. முற்றத்துக் கனகாம்பரம் கருகிப்போனது. காற்று ஓய்ந்தபின் துரை அலுமாரியைத் திறக்கச் சொன்னார். தக்கையை மூடி ஒட்டின வாய்த்தாள் எப்போதோ உதிர்ந்துபோன பழைய போத்தல்களில் விஸ்கி குறைந்திருந்தது. சிலதில் அரை விரல், சிலதில் ஒரு விரல். தக்கை எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. துரை போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

திருடன் என்று துரத்தினால் வேறெந்தத் தோட்டத்திலும் படியேற முடியாது. அதைவிட, விரதக்காரன் கள்ளக் குடிகாரன் என்ற பேர் எனக்கு முன்னே ஊருக்குப் போய்ச் சேரும். நான் தொடவில்லை என்று அழுதே விட்டேன். துரையின் பெண்சாதி துரைசாணி மட்டும் அசையவில்லை. "குடிப்பவன் ஒளித்துக் குடிப்பான். குடிக்காதவன் என்று சொல்லிக்கொள்பவன் நன்றாக ஒளித்துக் குடிப்பான்" என்றார்.

கற்பூரச் சத்தியம்

எங்கள் பக்கத்தில் வீண்பழி தீர ஒரு வழி உண்டு. சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பிறகு எவனும் வாய் திறக்க மாட்டான். அதைச் செய்துவிடுவது என்று விடியவே சித்தாண்டி முருகன் கோயிலுக்குப் புறப்பட்டேன். போகுமுன் வழக்கம்போலப் போத்தல்களைத் துடைத்து வைத்தேன். ஒன்றின் தக்கை ஆடி, தோளில் கிடந்த சால்வையில் கொஞ்சம் சிந்திவிட்டது. இருந்த படபடப்பில் அதை நான் கவனிக்கவில்லை.

கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர் வாசலிலேயே நின்றார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு அடி கிட்ட வந்தார், இரண்டு அடி பின்னே போனார். நான் சொன்னதைக் கேட்டுக் கூடியவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வண்ணக்கர்தான் சொன்னார்: "குடிக்கல்ல எண்டு சத்தியம் பண்ண இந்த மணத்தோடயா வாறாய் தம்பி? கற்பூரத்துக்குக் கிட்ட மட்டும் போகாத. பத்திப்போடும்."

இரும்புப் பெட்டி

சத்தியம் பண்ணாமலே திரும்பிவந்தேன். பிறகு துரைசாணி ஒரு பொறி வைத்தார். அந்தப் பழைய போத்தல்களைப் படுக்கையறை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. சாவி துரையின் கழுத்தில் கிடப்பது. அடுத்த கச்சான் முடியும்வரை குறையாவிட்டால் குடித்தவன் நானே, அன்றைக்கே வெளியே போவது. அதுவரை தேங்காய் எண்ணும் வேலைக்கு என்னைத் தள்ளினார்கள். எசமான் சரக்குக் குறைய வேண்டும் என்று முருகனை மன்றாடிய காவல்காரன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுவருஷம் காற்று ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். முருகன் கைவிடவில்லை. முன்னையை விடக் குறைந்திருந்தது! துரை ஒரு தக்கையைத் தொட்டார். அது வற்றிச் சுருங்கி, விரலிலே தூளாக உதிர்ந்தது. குளிர் தேசத்துத் தக்கை எங்கள் கச்சானைத் தாங்கவில்லை; அந்த இடுக்கால் விஸ்கி ஆவியாகிப் போயிருக்கிறது.

துரைசாணி தக்கையைப் பார்க்கவே இல்லை. புருஷனின் கழுத்துச் சாவியைத்தான் பார்த்தார். துரை காற்று என்றார், வெயில் என்றார், தக்கை என்றார். விளக்கம் கூடக் கூட அந்த அம்மாவின் முகம் இறுகியது. கடைசியில் விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துரை என் பக்கமாக வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "நான் குடிக்கவில்லை. நீயாவது நம்புகிறாயா?"

குடிகாரனுக்கு விடிந்தால் தெளிந்துவிடும். குடிக்காமலே பேர் வாங்கினவனுக்கு ஆயுசுக்கும் தெளியாது.