நிற்காத உதை

2004 வாக்கில், புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு என் உடம்பின்மேல் அபார நம்பிக்கை. காலையில் ஆளந்தி சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் விஷ்ராந்த்வாடியில் கராத்தே. பெல்ட் தேர்வும் மாரத்தானும் ஒரே மாதத்தில் வந்தன. இரண்டையும் முடித்துக் காட்டுவதாக அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல், பேண்டேஜ் சுற்றி மறைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை ஷமீமுடன் சண்டைப் பயிற்சி. கீழக்கரைக்காரி, வகுப்பில் என்னோடு தமிழ் பேசும் ஒரே தோழி. பயிற்சியில் உதை எதிராளியைத் தொடுமுன் நின்றுவிட வேண்டும். நான் வலது காலை வீசியபோது, ஊன்றியிருந்த இடது கால் வலியில் மடங்கியது. உதை நிற்கவில்லை. ஷமீம் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் ஓடி வந்தார். "மேரீ கல்தி, சர்," என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் ஷமீம்.

நான் வாய்மூடி இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை. பேண்டேஜை அவிழ்த்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வாரமாவா?" என்றாள் ஷமீம். "எங்கிட்ட சொல்லியிருந்தா மெதுவா பண்ணியிருப்போமேடி!"

அவள் விலா எலும்பில் விரிசல். அந்தத் தேர்வுக்கு இருவருமே போகவில்லை. ஓட்டத்திலிருந்தும் விலகினேன்.

ஆறு மாதம் கழித்து பெல்ட் தேர்வில் இருவரும் ஒன்றாகத் தேறினோம். ஓட்டம் ஒருநாள், கராத்தே மறுநாள் என்று பிரித்துக்கொண்டு, அடுத்த வருடம் மாரத்தானையும் முடித்தேன். என் கால்வலி என் சொந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலை நம்பி எதிரே ஒருத்தி நிற்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது.